இறைப்பு இயந்திரத்தின் ஜெற்: துளையைப் பெருப்பிக்குமுன் காரணத்தை ஆராய்க

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களுக்கு வாய்க்கால் வழியே நீர் தானாகச் சென்றடைகின்றது. மேட்டுநிலத்தின் நிலை அவ்வாறன்று. மிளகாய், சின்னவெங்காயம், கத்தரி, பயிற்றை, வெண்டி ஆகிய பயிர்களுக்கு வேண்டிய நீரைச் சிறுபோகக் காலத்திற் கிணற்றிலிருந்து இறைத்தே ஊட்டல் வேண்டும். முன்னாளில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த இவ்வேலையை இன்று இரண்டு அங்குலக் குழாய் பூட்டிய சிறு இயந்திரம் செய்கின்றது. மனிதனின் தோளும் காலும் பட்ட பாடு இதனால் நீங்கியது. ஆயினும் பயிரின் உயிர் அச்சிறு இயந்திரத்தின் கையில் தங்கியிருக்கும் நிலையும் இதனாலேயே ஏற்பட்டது.

மிளகாய் பூக்கும் பருவத்தில் நீர் தவறுமாயின் பூவும் பிஞ்சும் உதிரும். அவ்வேளையில் இயந்திரம் விக்கி விக்கி ஓடினாலோ, கரும்புகை கக்கினாலோ, பத்து நிமிடத்தில் நின்றுவிட்டாலோ கமக்காரருக்குப் பொறுமை இருப்பதில்லை. அருகில் நிற்பவர் ஒருவர் “ஜெற் அடைத்துவிட்டது” என்பார். மற்றொருவர் குண்டூசியையோ செப்புக் கம்பியையோ எடுத்துத் துளையைக் குத்துவார். இயந்திரம் அன்று ஓடிவிடவும் கூடும். ஆனால் அன்று தொடக்கம் எரிபொருட் செலவு ஏறும், எண்ணெய் கெடும், பிளக் கரி பிடிக்கும். கோளாறு பெரும்பாலும் ஜெற்றின் அளவில் இருப்பதில்லை. அழுக்கிலும், நீர்த்துளியிலும், காற்று வடிகட்டியிலுமே இருக்கின்றது. இதனை அறிந்து ஒழுங்காக ஆராயும் முறையை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

காபரேற்றர் செய்யும் வேலை

எரிபொருள் திரவமாக இருக்கும்போது இயந்திரத்தினுள் எரியாது. அது நுண்ணிய திவலைகளாகச் சிதறி, ஆவியாகி, உரிய அளவு காற்றுடன் கலத்தல் வேண்டும். நிறையிற் பார்க்குமிடத்து ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று தேவை. கனவளவிற் கூறின், ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று, அதாவது 200 லீற்றர் பீப்பாய்கள் நாற்பத்தைந்து கொள்ளும் காற்று, வேண்டும். இயந்திரம் எவ்வளவு காற்றை விழுங்குகின்றது என்பதையும், காற்று வடிகட்டி ஏன் முதன்மையானது என்பதையும் இதனால் உணரலாம்.

கையால் தள்ளி மருந்தடிக்கும் பழைய தெளிகருவியைப் பலர் கண்டிருப்பர். நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு குழாயின் வாய்க்கு மேலாகக் காற்று விரைந்து செல்லும்போது மருந்து குழாய்வழியே மேலேறிப் புகார்போலச் சிதறும். காபரேற்றரின் தொழிலும் இதுவே. இயந்திரம் இழுக்கும் காற்று காபரேற்றரின் நடுவே குரல்வளை போன்ற ஓர் ஒடுங்கிய இடத்தினூடாகச் செல்கின்றது. அங்கே காற்றின் வேகம் கூடி அமுக்கம் குறைகின்றது. அதனால் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து எரிபொருள் மேலே இழுக்கப்படுகின்றது. அக்கிண்ணத்தில் எரிபொருளின் மட்டத்தை ஒரு மிதவையும் அதனோடு இணைந்த ஊசி வால்வும் காக்கின்றன. மேலேறும் எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்துவது பித்தளையாலான ஒரு சிறு துளை. அதுவே ஜெற் எனப்படுவது.

பெரும்பாலான இயந்திரங்களில் இருவகை ஜெற்றுகள் உண்டு. வேகப் பிடியைக் குறைத்து இயந்திரத்தைச் சுமையின்றி ஓடவிடும்போது எரிபொருளை அளிப்பது சிறிய ஜெற். நீர் இறைத்துக்கொண்டு முழுச் சுமையில் ஓடும்போது அளிப்பது பெரிய ஜெற். எனவே இறைக்கும்போது மட்டும் காணப்படும் கோளாறுக்கு வெளியேயுள்ள திருகாணியைத் திருப்புவதாற் பயனில்லை. அத்திருகாணி சுமையற்ற ஓட்டத்தையே சீராக்கும்.

துளையின் அளவு எவ்வளவு நுண்ணியது?

சிறு நீரிறைக்கும் இயந்திரங்களின் பெரிய ஜெற்றில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பல ஜப்பானிய காபரேற்றர்களில் அவ்வெண் துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறிலொரு பங்காகக் குறிக்கின்றது. 70 என்பது 0.70 மில்லிமீற்றர். அதனைக் கம்பியாற் குத்தி 0.75 ஆக்கிவிட்டால் என்ன நிகழும்? விட்டம் கூடியது மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கே. ஆனால் துளையின் பரப்பு ஏறக்குறைய 15 வீதம் கூடிவிடும். 0.80 ஆயின் 30 வீதம் கூடும். அவ்வளவு எரிபொருள் மிகையாகச் செல்லும். காற்றோ முன்னைய அளவுதான். மிகுந்த எரிபொருள் எரியாமற் கரும்புகையாக வெளியேறும். எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும்.

பித்தளை மென்மையான உலோகம். குண்டூசி, உருக்குக் கம்பி, துளைப்பான் ஆகிய யாவும் அதனைக் கீறும். கீறிய துளை வட்டமாக இராது. அதனைத் திரும்பச் சுருக்கவும் முடியாது.

பெற்றோலும் மண்ணெண்ணெயும்

வடபகுதிக் கமக்காரருக்கு மண்ணெண்ணெய் இயந்திரம் புதியதன்று. 1990களில் எரிபொருள் கொண்டுவருதல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் பெற்றோல் துளிக்கணக்கில் அளக்கப்பட்டது. இறைப்பு இயந்திரங்கள் மாத்திரமன்றி மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைப் பீச்சி இயந்திரத்தை எழுப்பிய கைப்பழக்கம் இன்றும் பலரிடம் உண்டு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலும் இவ்வனுபவம் கைகொடுத்தது. ஆனால் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, மலிவான எரிபொருளை எவ்வளவும் வீணாக்கலாம் என்ற எண்ணத்திற்கு இடமின்றிப் போயிற்று.

இவ்விரு எரிபொருள்களின் இயல்பு வேறு. பெற்றோல் எக்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தராது. ஆதலாற் குளிர்ந்த இயந்திரத்தில் அது ஆவியாகாது திரவமாகவே தங்கும். மேலும் மண்ணெண்ணெய் மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது. உரிய வேளைக்கு முன்னரே வெடித்து, உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசையை எழுப்பும். மண்ணெண்ணெய்க்கென ஆக்கப்பட்ட இயந்திரங்களின் அமுக்க விகிதம் இதற்காகவே குறைக்கப்பட்டுள்ளது. பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தில் ஜெற்றை மாத்திரம் மாற்றி மண்ணெண்ணெய் ஊற்றுவோர், தட்டும் ஓசையைப் பொருட்படுத்தாது ஓட்டுவாராயின், பிஸ்ரனை இழக்க நேரிடும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கையாளும் ஒழுங்கு பின்வருமாறு:

பெற்றோலில் எழுப்பி, இயந்திரம் நன்கு சூடேறும்வரை ஐந்து நிமிடமளவில் ஓடவிடுக. பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. இறைப்பு முடியும் தறுவாயில் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. இதனால் கிண்ணத்திற் பெற்றோலே தங்கும். மறுநாட் காலையில் இயந்திரம் இலகுவில் எழும்பும். நாள்தோறும் காலையில் “ஜெற் அடைப்பு” என்று கூறப்படும் கோளாறுகளிற் பல, கிண்ணத்தில் தங்கிய மண்ணெண்ணெயினால் ஏற்பட்டவையே.

இயந்திரம் காட்டும் குறிகள்

நோயாளியின் நாக்கைப் பார்த்து வைத்தியர் நோயறிவது போலப் பிளக்கைப் பார்த்து இயந்திரத்தின் நிலையை அறியலாம். முழு நீரும் வெளியேறும் வகையிற் பத்து நிமிடம் இறைத்து, வேகத்தைக் குறையாமலே ஆளியை அணைத்து நிறுத்துக. சூடு ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க.

இளங்கபில நிறம்: கலவை சரியானது. மண்ணெண்ணெயில் ஓடும் பிளக் சற்றுக் கருமை கூடியிருத்தல் இயல்பே.

உலர்ந்த கருங்கரி: எரிபொருள் மிகை, அல்லது காற்றுக் குறைவு.

சுண்ணாம்பு போன்ற வெண்மை, முனையிற் கொப்புளம்: எரிபொருள் குறைவு. இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறுகின்றது. இந்நிலையில் தொடர்ந்து ஓட்டுதல் ஆபத்தாகும்.

எண்ணெய் தோய்ந்த ஈரம்: எண்ணெய் மேலேறுகின்றது. இது காபரேற்றரின் குற்றமன்று.

சோக் பிடியும் ஒரு சோதனைக் கருவியாகும். இயந்திரம் சூடேறி இறைத்துக்கொண்டிருக்கையில் சோக்கை மெல்லச் சிறிதளவு மூடிப் பார்க்க. ஓட்டம் சீராகி வேகம் கூடுமாயின் எரிபொருள் குறைவாகச் செல்கின்றது. வேகம் தளர்ந்து கரும்புகை வருமாயின் எரிபொருளுக்குக் குறைவில்லை. ஜெற்றைப் பெருப்பிக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுதல் பெரும்பாலும் எரிபொருட் குறைவின் குறி. பத்து அல்லது இருபது நிமிடம் நன்கு ஓடிப் பின் அடங்கி நின்று, சிறிது நேரத்தின் பின் மீண்டும் எழும்புமாயின், தாங்கி மூடியின் காற்றுத் துளையை ஐயுறுக. மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் கோளாறு நீங்கினால், அத்துளையைத் துடைப்பதே மருந்து.

ஆராயும் ஒழுங்கு

1. காற்று வடிகட்டி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் உழுத மேட்டுநிலத்துப் புழுதி யாவும் இயந்திரத்தை நோக்கியே வரும். அடைபட்ட வடிகட்டி பெரிதாக்கிய ஜெற்றைப் போலவே கரும்புகையை உண்டாக்கும். பஞ்சு வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, உலர்த்தி, சிறிது இயந்திர எண்ணெயிற் தோய்த்துப் பிழிந்து பூட்டுக. கடதாசி வடிகட்டியைத் தட்டித் தூசி போக்குதலே போதும். அதற்கு எண்ணெய் இடலாகாது. புழுதிக் காலத்தில் வாரம் ஒருமுறையேனும் இதனைச் செய்க. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுதல், மணலைச் சிலிண்டருக்குள் ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

2. எரிபொருள். தாங்கியின் அடியிலும் வடியிலும் துருவும் தூசியும் உளவா எனப் பார்க்க. மாரியில் மாதக்கணக்காகக் கிடந்த பெற்றோலைச் சிறுபோகத்தில் இயந்திரத்திற்கு ஊற்றலாகாது. பழைய பெற்றோல் பசை போன்ற படிவை விட்டுச் செல்லும். முதலில் அடைபடுவது சிறிய ஜெற்றே.

3. பிளக். கரியைத் துடைத்து இடைவெளியை அளக்க. இவ்வகை இயந்திரங்களிற் பலவற்றுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் இடைவெளி உரியது.

4. கிண்ணம். எரிபொருட் குழாயை அடைத்துக் கிண்ணத்தின் அடித்திருகாணியைக் கழற்றி, வடிவதை வெண்ணிறப் பாத்திரமொன்றில் ஏந்துக. அடியில் உருண்டோடும் துளிகள் நீர்த்துளிகளாகும். நீரும் மணலும் வந்தால் தாங்கியையும் வெறுமையாக்கிக் கழுவுதல் வேண்டும். அன்றேல் நாளையும் அதே கோளாறு தோன்றும்.

5. மிதவை. கிண்ணத்தைக் கழற்றி மிதவையைக் காதருகே அசைத்துப் பார்க்க. உள்ளே திரவம் அலம்பினால் மிதவை ஓட்டையாகிவிட்டது. அது தாழ்ந்து கிடக்கும், எரிபொருள் வழிந்தோடும். ஊசி வால்வின் முனை தேய்ந்தாலும் விளைவு அதுவே.

6. ஜெற். திருகாணியின் பிளவுக்குப் பொருந்திய திருப்புளியைக் கொண்டு கழற்றுக. பெற்றோலில் ஊறவைத்துக் கழுவிக் காற்றடிக்கும் பம்பினால் ஊதுக. வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிதல் வேண்டும். பசை போகாவிடின் தூரிகையின் நைலோன் மயிரொன்றைச் செலுத்தலாம். உலோகம் எதனையும் செலுத்தலாகாது.

7. பக்கிங். காபரேற்றர் பொருந்தும் இடத்திலுள்ள பக்கிங் கிழிந்திருந்தால் அவ்வழியே காற்றுப் புகுந்து கலவையை மெலிதாக்கும். ஓடும் இயந்திரத்தின் அப்பொருத்தைச் சுற்றிச் சவர்க்கார நீரைத் தடவுக. ஓட்டத்தில் மாறுதல் தெரியின் பக்கிங்கை மாற்றுக.

8. சுமையற்ற ஓட்டம். மேற்கூறிய யாவும் சீரான பின்னரே கலவைத் திருகாணியைத் தொடுக. அதனை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடியிற் பட்டது என்பதைக் குறித்துக்கொள்க. இறுக்கினால் முனை கெடும். பின் கைந்நூலிற் கூறிய சுற்றுகளுக்கு வெளியே திருகி, இயந்திரம் சூடேறிய பின் வேகம் மிகுந்து சீராக ஓடும் இடத்தில் நிறுத்துக.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் வில்லை இழுத்து வளைத்தல் எக்காரணம் கொண்டும் கூடாது. அதிக நீர் வருவது போலத் தோன்றும். இயந்திரத்தின் ஆயுளோ குறையும்.

ஜெற்றை எப்போது மாற்றலாம்?

இத்தனையும் செய்த பின்னரும் பிளக் கரியாகவோ வெண்மையாகவோ இருக்குமாயின் ஜெற்றின் எண்ணைப் பார்க்க. முன்னர் யாரேனும் குத்திக் கெடுத்திருக்கலாம், அல்லது வேறு இயந்திரத்தின் ஜெற்றைப் பூட்டியிருக்கலாம். கைந்நூலிற் குறித்த எண்ணுடைய புதிய ஜெற்றை வாங்கிப் பூட்டுவதே முறை. வேறு அளவைச் சோதிக்க வேண்டின் ஒருமுறைக்கு ஓர் எண் அளவே கூட்டியோ குறைத்தோ, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பார்த்து முடிவு செய்க.

மலைநாட்டில் ஓடிய பழைய இயந்திரத்தை வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. நுவரெலியா கடல்மட்டத்திற்கு மேல் 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறிலொரு பங்களவு குறைவு. அதற்கேற்பச் சிறிய ஜெற் பூட்டப்பட்ட இயந்திரம் தாழ்நிலமாகிய வன்னிக்கு வந்தால் எரிபொருட் குறைவினால் சூடேறும். வாங்கிய அன்றே ஜெற்றின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

பெற்றோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் புல்வெட்டிக்கும் விசைத்தெளிகருவிக்கும் மேலும் கவனம் வேண்டும். அவற்றில் எரிபொருளோடு சேர்ந்தே எண்ணெயும் செல்கின்றது. எரிபொருளைச் சிக்கனப்படுத்த எண்ணித் துளையைச் சுருக்கினால் எண்ணெயும் சுருங்கி, பிஸ்ரன் இறுகி நின்றுவிடும்.

அளந்து பார்த்தல்

காதும் கண்ணும் ஏமாற்றலாம், அளவு ஏமாற்றாது. தாங்கியை வெறுமையாக்கி ஒரு லீற்றர் எரிபொருளை அளந்து ஊற்றி, எத்தனை நிமிடம் இறைக்கின்றது என்பதைக் குறிக்க. அவ்வேளையில் 200 லீற்றர் பீப்பாய் நிறைய எத்தனை வினாடி செல்கின்றது என்பதையும் குறிக்க. பீப்பாய் 30 வினாடியில் நிறைந்து, ஒரு லீற்றர் எரிபொருள் 60 நிமிடம் ஓடுமாயின், ஒரு லீற்றருக்கு 24,000 லீற்றர் நீர் கிடைக்கின்றது.

துப்புரவு செய்த பின் அதே நீர்வேகத்தில் 75 நிமிடம் ஓடுகின்றது எனக் கொள்வோம். நான்கு மணிநேர இறைப்புக்கு முன்னர் 4 லீற்றர் சென்றது, இப்போது 3.2 லீற்றர் செல்கின்றது. லீற்றர் 340 ரூபா என்ற 2022ஆம் ஆண்டு விலைப்படி ஓர் இறைப்பில் 272 ரூபாவும், இருபது இறைப்பில் 5,440 ரூபாவும் மிச்சமாகும். இன்றைய விலையை இட்டு அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம். இக்குறிப்பை ஒரு கொப்பியில் மாதந்தோறும் எழுதிவருக. நிமிடம் குறையத் தொடங்கும்போதே கோளாறு தொடங்கிவிட்டது என அறியலாம்.

எண்ணெயையும் மறத்தலாகாது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயுடன் கலக்கும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயர்ந்து மண்ணெண்ணெய் மணம் வீசுமாயின் உடனே எண்ணெயை மாற்றுக. மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் 50 மணிநேரத்திற்கு ஒருமுறை மாற்றுதல் நலம்.

உயிரைக் காக்கும் எச்சரிக்கை

நீரிறைக்கும் இயந்திரம் ஏழு அல்லது எட்டு மீற்றர் ஆழத்திற்கு மேல் நீரை உறிஞ்சமாட்டாது. கோடையிற் கிணற்று நீர் தாழும்போது சிலர் இயந்திரத்தையே கிணற்றினுள் இறக்கி ஓட்டத் துணிவர். இது உயிருக்கு இறுதியாகும். புகையிலுள்ள காபன் ஓரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. எரிபொருள் மிகையாகச் செல்லும் இயந்திரத்தில் அது இன்னும் மிகுதியாக உண்டாகும். கிணற்றினுள் தங்கிய அவ்வாயு இறங்கியவரையும், அவரை மீட்க இறங்கியவரையும் கொன்றுவிடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னால் இறங்காது, மேலே நின்றே கயிற்றால் மீட்க முயல்க, அயலவரை அழைக்க.

காபரேற்றரைக் கழற்றும்போது இயந்திரம் குளிர்ந்திருத்தல் வேண்டும். அருகில் சுருட்டோ அடுப்போ இருத்தலாகாது. வடித்த எரிபொருளையும் பழைய எண்ணெயையும் கிணற்றடியிற் கொட்டலாகாது. தோட்டக் கிணறே பல வீடுகளுக்குக் குடிநீர்க் கிணறுமாகும்.

முடிவாக

முதலிற் காற்று, பின் எரிபொருள், பின் தீப்பொறி, அதன்பின் மிதவை, ஈற்றிலேயே ஜெற் என்னும் ஒழுங்கைக் கைக்கொள்வோர் பத்துக் கோளாறில் ஒன்பதைத் தாமே தீர்த்துக்கொள்வர். ஐயம் எழுமிடத்து இயந்திரத்தின் கைந்நூலுடனும், கழற்றிய பிளக்குடனும், நிமிடக் கணக்கெழுதிய கொப்பியுடனும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரையோ தேர்ந்த திருத்துநரையோ அணுகுக. கழற்றிய பிளக்கைத் துடையாது கொண்டுசெல்க. அதன் நிறமே அவருக்கு வேண்டிய முதற் சான்று. சிறுபோக நாற்று நடுமுன் ஒருநாளை இவ்வேலைக்கு ஒதுக்குவோரின் பாத்தியில், பூக்கும் பருவத்தில் நீர் தவறாது.